இடது பக்கத்துக் கார்புரேட்டர்

எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டாக்டரம்மாவின் காருக்கு ரேடியேட்டர் கிடையாது. எஞ்சின் பின்பக்கம் இருந்தது. தண்ணீருக்குப் பதில் ஒரு பெரிய விசிறி காற்றை ஊதி அதைக் குளிர வைத்தது. எழுபதுகளின் நடுவில், சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் நான் ஃபிட்டராக இருந்தேன். இலையை உருட்டும் ரோலர், உலர்த்தும் மெஷின், அவசரத்துக்கு எஸ்டேட் லாரி, இவ்வளவுதான் என் உலகம். அந்த உருண்டைக் காரின் பின்மூடியை முதல் தடவை திறந்தபோது எதை எங்கே தொடுவது என்றே எனக்குப் புரியவில்லை.

சாதாரணமாக அந்த வகைக் காருக்கு, காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் நடுவில் ஒன்றே ஒன்றுதான். இந்தக் காரை முன்பு வைத்திருந்த வெள்ளைக்காரத் துரை, தன் ஊருக்குப் போவதற்குச் சில வருஷம் முன்னால், வெளிநாட்டிலிருந்து வரவழைத்து இரண்டு கார்புரேட்டர் போட்டுவிட்டார். நான்கு சிலிண்டரும் படுத்த வாக்கில் பக்கத்துக்கு இரண்டாக இருக்கும். இடது இரண்டுக்கு ஒரு கார்புரேட்டர், வலது இரண்டுக்கு ஒன்று. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். ஒன்று கூட இழுத்தால் அந்தப் பக்கம் வேலை செய்யும், மற்றப் பக்கம் சும்மா இழுபட்டுக்கொண்டு வரும், வண்டி நடுங்கும்.

டாக்டரம்மாவின் வண்டி நடுங்கியது.

"ஏனுங்க, கண்ணாடியில பாத்தா பின்னால வர்றது லாரியா மாடான்னே தெரியறதில்லீங்க. அத்தனை ஆட்டம் ஆடுது," என்றார். அவருக்குச் சொந்த ஊர் மீனாட்சிபுரம். என்னைவிடச் சின்னவர். அந்தப் பக்கத்து வழக்கப்படி யாரிடம் பேசினாலும் ஒரு 'ங்க' போட்டுத்தான் பேசுவார்.

துரையின் டிரைவர் அந்தக் காரைச் சரிசெய்வதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் கார்புரேட்டரின் வாயில் வைப்பார், மறுமுனையைக் காதில் வைப்பார். காற்று உள்ளே போகும் 'உஸ்' சத்தம் கேட்கும். இரண்டு பக்கமும் சத்தம் ஒன்றாகும் வரை திருகைத் திருப்புவார். நானும் அப்படியே செய்தேன். எஞ்சினின் நடுவில் விசிறி பெல்ட் சுற்றிக்கொண்டிருக்கும். குழாய் அதைத் தாண்டிப் போனால் மாட்டிக்கொள்ளும் என்ற பயத்தில் இடது கார்புரேட்டரை இடது காதிலும் வலதை வலது காதிலும் கேட்டேன். இடது பக்கம் சத்தம் குறைவாக இருந்தது. திருகைத் திருப்பி அதைத் திறந்துவிட்டேன். இரண்டும் சமமானது.

வண்டி முன்னைவிட அதிகமாக நடுங்கியது.

மறுபடி கேட்டேன். சமமாகத்தான் இருந்தது. கையைத் தண்ணீரில் நனைத்து இரண்டு பக்கத்துப் புகைக்குழாயிலும் உதறினேன். இடது பக்கம் விழுந்த சொட்டு தோசைக்கல்லில் விழுந்தது போல் சீறியது. வலது பக்கம் விழுந்தது மெதுவாகக் காய்ந்தது. இடது பக்கத்து பிளக் வயர் ஒன்றைக் கழற்றியதும் எஞ்சின் நின்றே போயிற்று. வலது பக்கத்து வயரைக் கழற்றினால் கழற்றினது அதற்குத் தெரியவே இல்லை.

வலது பக்கம்தான் வேலை செய்யவில்லை என்று முடிவு செய்தேன். வலது கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினேன். வால்வு இடைவெளி பார்த்தேன். பிளக் துளையில் கட்டைவிரலை வைத்து, டாக்டரம்மாவைக் கொஞ்சம் சாவியைத் திருப்பச் சொன்னேன். நான்கு சிலிண்டரும் ஒரே வேகத்தில் விரலைத் தள்ளின. கடைசியில் கம்பிகளை வளைத்து, பெரும்பாடு பட்டு, இரண்டு கார்புரேட்டரையும் பக்கம் மாற்றிப் போட்டு, மறுபடி காதால் கேட்டுத் திருகுகளைச் சமப்படுத்தினேன். கோளாறு கார்புரேட்டரில் இருந்தால் அதுவும் பக்கம் மாற வேண்டும் அல்லவா? மாறவில்லை. காதுக்கு இரண்டும் சமம், நடுக்கம் அப்படியே, வலது பக்கம் அப்படியே சோம்பேறி.

"மலை உசரம்மா இது. காத்து கம்மி. கீழ போனா சரியாப் போயிரும்," என்றேன். சொல்லும்போதே எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். காற்று குறைந்தால் இரண்டு பக்கமும்தானே குறையும்?

டாக்டரம்மா லீவுக்கு மறையூர், உடுமலை வழியாக மீனாட்சிபுரம் போய்விட்டுத் திரும்பினார். நான் ஆஸ்பத்திரி வாசலிலேயே காத்திருந்தேன்.

"எங்க ஊட்ல போய் நிறுத்துனா, தொழுவத்துல மாடெல்லாம் எந்திரிச்சு நின்னுக்குச்சுங்க. கீழயும் அதே ஆட்டந்தானுங்க," என்றார்.

அதோடு மலைக்காற்றுச் சாக்கும் போயிற்று. எனக்கு மெஷின் என்றால் ஒரு நியாயம் உண்டு. ஒரு இடத்தில் ஒன்று செய்தால் இன்னொரு இடத்தில் அதற்குப் பதில் தெரியும். இந்த வண்டியில் நான் கேட்பது ஒன்று, பார்ப்பது ஒன்று. சாப்பிடும்போதும் ரோலர் அருகில் நிற்கும்போதும் அதே யோசனை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஆஸ்பத்திரி முற்றத்தில் மறுபடி உட்கார்ந்தேன். மூடுபனி இருந்தது. குளிரில் கை மரத்துப்போய் ரப்பர் குழாயைத் தவற விட்டேன். அது புகைக்குழாய் மேல் விழுந்து, நாற்றமடித்து உருகி ஒட்டிக்கொண்டது. டாக்டரம்மா உள்ளே போய்த் தன் பழைய ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து வந்து, நெஞ்சில் வைக்கும் வட்டத்தைக் கழற்றிக் குழாயை மட்டும் என்னிடம் கொடுத்தார்.

"இதுல கேட்டுப் பாருங்க."

இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு இடது கார்புரேட்டரில் வைத்தேன். அருவி போல இரைந்தது. வலதில் வைத்தேன். கொசு பறக்கிற சத்தம். நான் இத்தனை நாள் சமமாக வைத்தவை! அதைவிட இன்னொன்று உறுத்தியது.

"அம்மா, இந்தக் குழாய் சரியில்ல. இதுல ஒரு பக்கம் அடைச்சிருக்கு."

அவர் வாங்கி மாட்டிப் பார்த்தார். "ரெண்டும் நல்லா கேக்குதுங்களே."

"இல்ல, இடது பக்கம் கேக்கல."

அவர் இரண்டு முனையையும் மாற்றி என் காதில் மாட்டினார். இடது பக்கம் இருந்ததை வலது காதில் வைத்தார். அது நன்றாகக் கேட்டது. இப்போது மற்ற முனை அடைத்துக்கொண்டது.

"இப்ப இந்தப் பக்கம் அடைச்சிருச்சு," என்றேன், இடது காதைத் தொட்டுக் காட்டி.

அவர் எஞ்சினை நிறுத்தினார். எனக்குப் பின்னால் போய் நின்றார். சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வலது காதருகே விரலோடு விரல் தேய்க்கும் சத்தம் கேட்டது.

"கேட்டுச்சுங்களா?"

"இப்பக் கேட்டுச்சு."

"இதுக்கு முன்னால இடது காதுகிட்ட இதேதான் பண்ணுனனுங்க."

என்னை உள்ளே கூட்டிப் போய், முள்கரண்டி போல இரண்டு முள் உள்ள ஓர் இரும்பைத் தட்டி என் நெற்றி நடுவில் வைத்தார். சத்தம் வலது பக்கம் மட்டும் கேட்டது. ஃபேக்டரியில் ரோலருக்கு எந்தப் பக்கமாக நிற்பேன் என்று கேட்டார். எழுந்து நின்று காட்டினேன். இடது தோள் மெஷினைப் பார்த்து இருந்தது. அப்படித்தான் நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நிற்கிறேன்.

"மெஷின் சத்தத்துல கொஞ்சங் கொஞ்சமாப் போயிருக்குதுங்க. போனது திரும்பாது. இருக்கறதக் காப்பாத்திக்கோணும்."

நான் கேட்டது இதுதான்: "அப்ப வண்டிக்கு ஒண்ணுமில்லியா?"

அவர் சிரித்துவிட்டார். உடனே சிரிப்பை நிறுத்தி, என் தோளைத் தொட்டார்.

வெளியே வந்து வலது காதில் மட்டும் குழாயை வைத்து இரண்டு பக்கமும் கேட்டேன். இடது திருகை நிறையக் குறைத்தேன், வலதைத் திறந்தேன். எந்த பிளக் வயரைக் கழற்றினாலும் எஞ்சின் ஒரே அளவு தடுமாறியது. தண்ணீர் இரண்டு பக்கமும் ஒன்றாகச் சீறியது. டாக்டரம்மா ஆடாத கண்ணாடியில் ஆஸ்பத்திரிப் படிகளை எண்ணிச் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் கடைசியில் சரியாக ஓடியது கார்தான், நான் அல்ல.

வீட்டுக்குப் போனேன். என் மனைவி கொழுந்து கிள்ளும் வேலை பார்த்தாள். அன்று லீவு. விஷயத்தைச் சொன்னேன்.

"எந்தக் காது?" என்றாள்.

"இடது."

அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். சாப்பிடும்போதும் படுக்கும்போதும் அவள் இடம் என் இடது பக்கம்.

"அப்ப பாப்பா ஹாஸ்டல் விசயம்?"

"என்ன விசயம்?"

"அவள ஹாஸ்டல்ல சேக்கட்டுமான்னு நான் கேட்டேன்லா. ஒரு தடவயா கேட்டேன்? நீங்க ஒண்ணும் சொல்லல. சம்மதம்னுல்லா நெனச்சேன்."

அந்த ஜூன் மாதம் நான் வேலை முடிந்து வந்தபோது எங்கள் ஒரே மகளின் டிரங்குப் பெட்டி கயிறு கட்டித் தயாராக இருந்தது. உடும்பஞ்சோலைப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஹாஸ்டல். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முடிவு செய்துவிட்டாள் என்று எனக்கு நெஞ்சு எரிந்தது. அவளே முடிவு செய்தபின் நான் என்ன சொல்ல என்று வாயை மூடிக்கொண்டேன். அதைப் பார்த்து, இவருக்கு மகள்மேல் அக்கறையே இல்லை என்று அவள் நினைத்திருக்கிறாள். பல மாதங்களாக ஒரே அறையில் இருவரும் இப்படித்தான் இருந்திருக்கிறோம்.

யார்மேல் கோபப்படுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவள் கொஞ்சம் அழுதாள். பிறகு, "கூட்டிட்டு வந்துருவோமா?" என்றாள்.

அடுத்த வாரம் டாக்டரம்மாவே எங்களைக் காரில் கூட்டிப் போனார். தேயிலை முடிந்து ஏலக்காடு தொடங்கும் வளைவுகளில் வண்டி ஒரு நடுக்கமும் இல்லாமல் ஏறியது. நான் அதைக் கவனிக்கவே இல்லை என்று பிறகுதான் நினைத்துக்கொண்டேன். மகளிடம் என்ன சொல்வது என்பதிலேயே இருந்தேன்.

அவள் ஹாஸ்டல் வராந்தாவில் எங்களைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. நடந்து வந்தாள். காதைப் பற்றிச் சொன்னேன். பெட்டியை எடுத்துக்கொள், வீட்டுக்குப் போகலாம் என்றேன்.

"மொத மாசம் முழுக்க அழுதேன்ப்பா. அப்பா போகாதன்னு ஒரு வார்த்த சொல்லலியேன்னு," என்றாள். "இப்ப வரல. எனக்கு இங்க சிநேகிதப் பிள்ளைக இருக்கு. அடுத்த மாசம் பள்ளியோடத்துல ஆண்டு விழா. நான் இல்லாம எப்படி?"

அம்மா கொண்டு வந்த முறுக்கை வாங்கிக்கொண்டு, மணி அடித்ததும் உள்ளே போய்விட்டாள். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் அங்கேதான் படித்தாள். நான் மானேஜரிடம் கேட்டு ஃபேக்டரியிலிருந்து லாரி ஷெட்டுக்கு மாறிக்கொண்டேன்.

அன்று திரும்பும் வழியில் டாக்டரம்மா ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினார். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு என் மனைவி சொன்னாள்: "நான் ஒங்களத்தான் கேட்டேன். நீங்க எம்மேல கோவப்பட்டிய. நாம ரெண்டு பேருமே அவளக் கேக்கலியே."

கேட்டிருந்தால் அன்றைக்கு அவள் போகிறேன் என்றிருப்பாளா, மாட்டேன் என்றிருப்பாளா என்று பேசிக்கொண்டே டீயைக் குடித்தோம். பிற்பாடு ஒருமுறை அவளிடமே கேட்டோம். அவளுக்கும் ஞாபகமில்லை.