பச்சைப் பெயிண்டுக்குக் கீழே

இது நடந்தது. கதைதானே என்று படிக்க உட்கார்ந்தவர்களுக்கு அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நான் சொல்லும் வரிசையில்தான் எல்லாம் நடந்ததா என்று கேட்டால் எனக்கே நிச்சயமில்லை. பொறாமையோடு பார்த்த எதையும் மனசு பார்த்தபடி வைத்திருப்பதில்லை. ஒன்றைப் பத்தாக்கும், பின்னால் நடந்ததை முன்னால் தள்ளும். அதையெல்லாம் என்னால் முடிந்தவரை கழித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கழித்த பிறகும் இவ்வளவு மிஞ்சுகிறது.

நான் என் கணவருக்கு இரண்டாவது மனைவி. முதல் மனைவி சாகவில்லை. முறைப்படி பிரிந்துபோய், ஊரின் இன்னொரு மூலையில் தையல் கடை வைத்திருந்தாள். செத்துப்போயிருந்தால்கூட எனக்கு அத்தனை எரிந்திருக்காது. செத்தவளுக்கு ஒரு படம் போதும், சுவரோடு இருந்துவிடுவாள். இவளோ என்றைக்கு வேண்டுமானாலும் எதிரே வரலாம்.

அவருக்குத் தொழில் மூக்குக்கண்ணாடி செய்வது. தெருவில் எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர். நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவள். காலையில் போனால் மதியம் வீட்டுக்கு வந்துவிடுவேன். அவர் வர இருட்டிவிடும். இரண்டு பேருமே அதிகம் பேசாதவர்கள். அந்த மௌனம் பிடித்துத்தான் நான் அவரைக் கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, அந்த மௌனத்துக்குள் எனக்கு இடம் போட்டிருக்கவில்லை. இடம் யாருக்கு என்பதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

வீடு மாடியில். படியேறி வாசல் கதவைத் திறந்தால் ஒரு நீண்ட நடை. நடையின் இரண்டு பக்கமுமாக மொத்தம் நான்கு அறைக் கதவுகள். கனத்த பழைய கதவுகள். அவற்றின் குமிழ், தாழ்ப்பாள், கீல், சாவித்துளையை மூடும் தகடு எல்லாவற்றின் மேலும் யாரோ பச்சைப் பெயிண்டை அப்பியிருந்தார்கள். பூசியிருந்தார்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. திருகாணித் தலையின் காடிப் பள்ளம் தெரியாத அளவுக்கு, கூழ் காய்ந்தது போலத் தடிமனாக இருந்தது. கதவின் மரத்தில் ஒரு சொட்டு இல்லை. உலோகத்தின் மேல் மட்டும்.

கீழ்வீட்டு அக்காவிடம் கேட்டேன்.

"அதுவா? முந்தினவ பண்ணின வேலை. ஒரே நாள்ல உக்காந்து பூசி முடிச்சா. ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"கிளி எச்சம் போட்ட மாதிரி இருக்குக்கா."

"கிளி எச்சம் பச்சையாவா இருக்கும்? உனக்கு வயித்தெரிச்சல்டி," என்று சிரித்தாள்.

வயிற்றெரிச்சல்தான். ஒவ்வொரு கதவைத் திறக்கும்போதும் அவள் கையைத்தானே நான் பிடிக்கிறேன்?

அன்று இரவு சாப்பிடும்போது அவரிடம் கேட்டேன்.

"கதவுல இருக்கறதெல்லாம் பித்தளையாங்க?"

"ம்."

"அப்புறம் ஏன் பெயிண்ட்?"

"அவ பூசினா."

"சுரண்டி எடுத்துடலாமே."

அவர் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டார். "நான் எடுக்க மாட்டேன்னு அவளுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்," என்றார்.

விட்டுவிட்டுப் போகிறவள் சத்தியம் வாங்கிக்கொண்டு போகிறாள். இவரும் அதைக் கட்டிக் காக்கிறார். எனக்கு இதுவரை என்ன சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார்?

"நீங்கதானே பண்ணினீங்க? நான் பண்ணலையே," என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அப்படி முழுசாகப் பார்த்ததில்லை.

"உன்னால முடியுமா?"

என் திறமையைச் சந்தேகப்படுகிறார் என்று நினைத்தேன். அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது.

மறுநாள் மதியமே ஆரம்பித்தேன். குமிழைச் சுற்றி பிளேடால் கீறி, திருகாணிக் காடியில் அடைத்திருந்த பெயிண்டை ஊசியால் நோண்டி எடுத்தேன். கழற்றியதையெல்லாம் ஒரு பழைய எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு, வாஷிங் சோடா கலந்த தண்ணீரை ஊற்றி, சின்னத் தீயில் வைத்தேன். அவசரப்பட்டுச் சுரண்டினால் பித்தளையில் கீறல் விழும். காத்திருக்க வேண்டும். காத்திருப்பது எனக்குப் புதிதில்லை.

தண்ணீர் மெல்லக் கொதித்தது. பெயிண்ட் முதலில் கொப்புளித்தது. அப்புறம் சுருங்கியது. அப்புறம் தோல் உரிவது போல முழுசாகக் கழன்று மேலே மிதந்தது. அடியில் பழுப்பேறிய பித்தளை. எலுமிச்சைத் துண்டில் உப்பைத் தொட்டுத் தேய்த்தேன். கழுவித் துடைத்து, பாலிஷ் பசையைத் தடவி, அவருடைய பழைய பனியன் துணியால் தேய்த்தேன். துணி கறுக்கக் கறுக்க உலோகம் வெளுத்தது. சர்ர்... சர்ர்... அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. அவளைத்தான் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

படுக்கையறைக் குமிழை மாட்டிவிட்டுப் பார்த்தேன். மஞ்சள் வெளிச்சத்தை உருட்டி வைத்தது போல் இருந்தது. நடை முழுவதும் வளைந்து, சுருங்கி, அதற்குள் தெரிந்தது. நடுவில் நான், மூக்கு மட்டும் பெரிதாக. சிரிப்பு வந்தது. எனக்குப் பின்னால், வெகு தூரத்தில், வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு கருங்கோடு இருந்தது. கறை போகவில்லை என்று நினைத்தேன். மறுபடி தேய்த்தேன்.

போகவில்லை.

திரும்பிப் பார்த்தேன். வாசல் கதவு சாத்தியிருந்தது. பக்கத்தில் எதுவும் இல்லை.

அடுத்த நாள் இரண்டாவது கதவு. அதன் குமிழிலும் அதே கோடு இருந்தது. முதல் குமிழில் கறை என்றால் இதில் எப்படி வரும்? கண்ணைக் கிட்டே கொண்டுபோனேன். கோட்டுக்குத் தோள் இருந்தது. அவிழ்ந்த தலைமுடி இருந்தது.

பெண்.

தேய்ப்பதை நிறுத்தினேன். என் கை நின்ற பிறகும்... சர்ர்... என்று ஒரு முறை கேட்டது.

பயந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. எனக்குள் முதலில் வந்தது பயமே இல்லை. 'வந்துட்டியா? இன்னும் போகலையா நீ?' என்றுதான் தோன்றியது. அவள்தான், அந்தத் தையல்காரிதான் என்று முடிவு கட்டிவிட்டேன். உயிரோடிருப்பவள் எப்படிக் குமிழுக்குள் நிற்பாள் என்று யோசிக்கவில்லை. பொறாமைக்கு அதெல்லாம் ஒரு கணக்கே இல்லை. மூன்றாவது கதவுக் குமிழையும் அன்றே கழற்றித் தேய்த்து மாட்டினேன்.

அவர் வந்ததும் விளக்கைப் போட்டார். மூன்று குமிழ்களையும் பார்த்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் படுக்கையறைக் குமிழின் முன்னால் போய் நின்றார்.

"நல்லா வந்திருக்கு," என்றார்.

அவர் என்னைப் பாராட்டிய முதல் வார்த்தை. முகத்தில் ஒரு சிரிப்பு. எங்கள் கல்யாணப் படத்தில்கூட இல்லாத சிரிப்பு. எனக்கு உடம்பெல்லாம் பூரித்தது. எனக்காகச் சிரிக்கிறார் என்று அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்றேன். குமிழைப் பார்த்தேன்.

அதற்குள் மூன்று பேர் இருந்தார்கள்.

அவர் முன்னால். அவர் தோளை ஒட்டினாற்போல் அவள். நான் அவர்களுக்குப் பின்னால், சின்னதாக, தள்ளி நின்றேன்.

அந்தப் பித்தளையில் நான்தான் மூன்றாமவள்.

"உங்க முதல் சம்சாரம் செத்துட்டாங்களா?" என்று கேட்டேன்.

"யாரு சொன்னா? போன வாரம்கூடக் கடைப் பக்கம் பார்த்தேன். நல்லா இருக்கா."

"அப்போ இது யாரு?"

அவர் குமிழைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு அந்த நாலாவதையும் முடிச்சுடு," என்றார்.

அவர் என்னிடம் ஒன்று கேட்பது அதுதான் முதல் தடவை. எனக்கு மறுக்கத் தெரியவில்லை. முடித்துவிட்டால் நானும் கிட்டே போய்விடலாம் என்று ஏதோ ஒரு கிறுக்கு நம்பிக்கை.

மறுநாள் மதியம். வெயில் நடை முழுக்கக் கிடந்தது. கீழே அக்கா வீட்டில் ரேடியோ பாடியது. பேய் வருகிற நேரமா அது?

நான்காவது குமிழைக் கதவில் மாட்டி, தரையில் உட்கார்ந்து, கடைசித் தேய்ப்புத் தேய்த்தேன். சர்ர்... சர்ர்...

துணியை எடுத்தேன்.

நடை தெரிந்தது. வெயில் தெரிந்தது. தரையில் உட்கார்ந்து ஒருத்தி துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

என் துணி என் மடியில் இருந்தது.

கையைத் தூக்கினேன். அவள் தூக்கவில்லை.

என் இடத்தில் அவள்தான் இருந்தாள். நான் எங்கே என்று தேடினேன்... வாசல் கதவுப் பக்கம் ஒரு கருங்கோடு.

நான்.

ரேடியோ நின்றது.

குமிழ் மெல்லத் திரும்பியது. உள்ளேயிருந்து.

க்ளிக்.

செருப்பில்லாமல் படியிறங்கி ஓடினேன். எங்கே போகிறேன் என்று தெரியாமல் ஓடி, நேராக அந்தத் தையல் கடை வாசலில்தான் போய் நின்றேன்.

மெலிந்த பெண். மெஷினில் குனிந்திருந்தாள். அவிழ்ந்த தலைமுடி இல்லை. காதோரம் வெட்டிய, நரைத்த முடி. குமிழில் பார்த்தவளுக்கும் இவளுக்கும் ஓர் ஒற்றுமையும் இல்லை. என் காலைப் பார்த்தாள். கறுத்துப்போன என் விரல்களைப் பார்த்தாள்.

"பெயிண்ட எடுத்துட்டியா?"

தலையாட்டினேன்.

"எத்தனை கதவு?"

"நாலும்."

மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். ஸ்டூலைத் தள்ளினாள். "உக்காரு. முதல்ல தண்ணியக் குடி."

குடித்தேன். பாதி மேலே சிந்தியது.

"எங்க நிக்கிறா இப்போ?"

"அவர் தோள்கிட்ட. இன்னைக்கு... என் இடத்துல."

"என் காலத்துல வாசல்கிட்டத்தான் நின்னா. மெல்ல மெல்ல நடை பாதி வரைக்கும் வந்தா. அதுக்கு மேல என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியல. பெயிண்ட் டப்பாவ வாங்கிட்டு வந்து உக்காந்துட்டேன்."

"யாருக்கா அவ?"

அக்கா என்று வாயில் எப்படி வந்ததோ தெரியாது. அவளும் அதைக் கவனித்தாள்.

"அது நான்னு நீ நினைச்ச. இல்லையா?"

"ஆமா."

"நானும் அப்படித்தான். எனக்கு முன்னாடி யாரையோ கட்டியிருக்கார், மறைக்கிறார்னு நினைச்சேன். வயிறு எரிஞ்சு சொந்தம், பந்தம், கூடப் படிச்சவங்க, ஒருத்தர் விடாம விசாரிச்சேன்."

"யாரு?"

"யாருமே இல்ல. எனக்கு முன்னாடி யாருமே இல்ல. அந்த வீட்ல யாரும் சாகவும் இல்ல."

மெஷினில் மாட்டியிருந்த துணியை அவள் நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

"நான் பெயிண்ட் பூசின அன்னைக்கு அவர் அழுதார்," என்றாள். "தேம்பித் தேம்பி. நான் பெட்டிய எடுத்துக்கிட்டுப் போன அன்னைக்கு அழல."

"உங்க சத்தியத்தைக் காப்பாத்தினாரே."

"காப்பாத்தத்தான் செஞ்சார். அவர் தொடலையே? அதுக்குத்தான்..."

அவள் என் கறுத்த விரல்களைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

ஏன் என்னைக் கட்டிக்கொண்டார் என்று எத்தனையோ இரவுகள் யோசித்திருக்கிறேன். அழகில்லை, வசதியில்லை, வயதும் ஏறியிருந்தது. அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது பதில் கிடைத்தது.

அப்படியும் விட மனமில்லை. அவள் செருப்பை வாங்கிப் போட்டுக்கொண்டு, வழியில் ஒரு டப்பா பெயிண்ட் வாங்கிக்கொண்டு, திரும்பிப் போனேன். கடையில் பச்சை இல்லை, சிவப்புதான் இருந்தது. எதுவாக இருந்தால் என்ன? வாசல் கதவைத் திறந்தேன்.

அவர் கடையைச் சாத்திவிட்டுச் சீக்கிரமே வந்திருந்தார். நான்காவது கதவின் முன்னால் தரையில் உட்கார்ந்து, நெற்றியைக் குமிழில் வைத்திருந்தார். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. பேசிக்கொண்டிருந்தார். என்னிடம் ஒரு வருஷத்தில் பேசிய அத்தனையையும் சேர்த்தாலும் அவ்வளவு வராது.

"ஏங்க..."

அவர் திரும்பவில்லை.

"கதவைச் சாத்திட்டுப் போ," என்றார். கோபமே இல்லாமல் சொன்னார்.

டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

இப்போது நான் தையல் கடைக்கு மேலே உள்ள அறையில் வாடகைக்கு இருக்கிறேன். காலையில் அச்சகம். மாலையில் அக்காவுக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கிறேன். அவரைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. பேசினால் எனக்கு இன்னும் எரிகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அவளுக்கும் எரிகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

கீழ்வீட்டு அக்கா வீட்டை மாற்றிக்கொண்டு போய்விட்டாள். போவதற்கு முன்னால் ஒருநாள் கடைக்கு ரவிக்கை தைக்க வந்தவள்தான் சொன்னாள். அவர் கண்ணாடிக் கடையை விற்றுவிட்டார். வெளியே வருவதில்லை. மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

ஜனத்தொகைக் கணக்கு எடுக்க வந்த ஒருவர் கீழே அவளிடம் சொல்லியிருக்கிறார். மாடியில் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, இரண்டு பேர் என்றாராம் கண்ணாடிக்காரர். கணக்கெடுக்க வந்தவர் மறுபேச்சுப் பேசவில்லையாம். நடையில் உட்காரச் சொல்லித் தனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவளையும் சேர்த்து, இரண்டு என்று எழுதிக்கொண்டு இறங்கிப் போனாராம்.