பாலன் கூட்டுக்குப் பின்னால் ஒரு செத்த மான்

அந்த மனுசனை எனக்கு எப்போதோ பிடிக்காமல் போய்விட்டது. ஹம்பேர்க்கில் எங்கள் தமிழ்க் கத்தோலிக்கச் சனத்துக்கு அவர்தான் தலைவர். எந்த வீட்டில் நல்லது கெட்டது நடந்தாலும் முன்னுக்கு நின்று ஏவுவார். நான் படம் கீறுகிறவள் என்று அவரே ஒருநாள் போன் எடுத்து, இந்த முறை நத்தாருக்குக் கோயிலில் யேசு பிறந்த குடிலாக வைக்கிற பாலன் கூட்டுக்குப் பின்னால் தொங்கவிட ஒரு பெரிய சீலை வேணும், பனிக்காடும் மிருகங்களுமாகக் கீறித் தாரும் என்றார். என்ன மிருகம் என்று கேட்டேன். உமக்குத் தெரிந்ததைக் கீறும் என்றார்.

எனக்குத் தெரிந்தது ஒரேயொரு குளிர்காலம்தான். என் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்த குளிர்காலம். அவரைப் பார்க்கப் போவதற்கு எஸ்-பான் ரயில் பிடிக்க வேண்டும். அதற்குக் காட்டோரப் பாதையால் தினமும் நடப்பேன். அங்கே வேலிக்கு அப்பால் ஒரு பெட்டை மான் செத்துக் கிடந்தது. அந்தக் குளிருக்கு அது அழுகவுமில்லை, மணக்கவுமில்லை. முதலில் காகங்கள் வந்தன. பிறகு நரி வந்தது. ஒருநாள் காட்டுப் பன்றிகள் குடும்பமாக வந்து, நான் நிற்பதைக் கணக்கிலும் எடுக்காமல் தின்றன. பருந்து ஒன்று தன் முறை வரட்டும் என்று வேலிக் கம்பத்தில் இருந்தது. போகப் போக மான் குறைந்துகொண்டு வந்தது. ஆஸ்பத்திரியில் இவரும் குறைந்துகொண்டு வந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கலாம். நான் நின்று பார்த்தேன். கண்ட சனமெல்லாம் எனக்கு எல்லாம் சரிவரும், சரிவரும் என்று பொய் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அந்த வேலியடியில் மட்டும் ஒருவரும் பொய் சொல்லவில்லை.

அதைத்தான் கீறினேன். வீட்டுக்குக் கீழே சாமான் போடும் கெல்லர்தான் எனக்குக் கிடைத்த இடம். சீலையை முழுதாக விரிக்க அங்கே இடமில்லை. பாதியைச் சுருட்டி வைத்துவிட்டு மறுபாதியில் முழங்காலில் நின்று வேலை செய்தேன். பனிக்கு வெள்ளை கொஞ்சம்தான் செலவானது. நீலமும் சாம்பலும்தான் கூடப் போனது, காலை வெளிச்சம் படுகிற இடத்தில் லேசான ரோசா. பன்றியின் மூக்கில் ஒட்டியிருக்கும் பனியைச் சரியாகக் கொண்டுவரக் கிழமைக்கணக்கில் மினக்கெட்டேன். காகம், நரி, பன்றி, பருந்து எல்லாமே நடுவில் கிடக்கும் மானைத்தான் பார்க்கின்றன. பாலன் கூட்டுக்கான இடத்தை இடதுபக்கம், பெரிய மரத்தடியில் விட்டிருந்தேன். அந்தப் பக்கம் ஒரு மிருகமும் திரும்பவில்லை. அதுகளுக்குத் தின்ன இருந்தது.

நத்தாருக்குக் கொஞ்ச நாள் முன்பு கோயிலில் சீலையைத் தூக்கிக் கட்டினோம். அன்றுதான் நானே அதை முழுதாகப் பார்த்தேன். நல்லாய்த்தான் கீறியிருந்தேன், அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம். தலைவர் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"இதென்ன தங்கச்சி, செத்த மானோ? இதை மூடிவிடும். பிள்ளையள் பயப்பிடுங்கள்."

எனக்கு விசர்க் கோபம் ஏறியது. இதே வசனத்தைத்தான் என் கணவரின் செத்தவீட்டிலும் சொன்னார். பிள்ளையள் பயப்பிடுங்கள் என்று சொல்லி, நான் முகத்தைக் கடைசியாகப் பார்க்க எழும்பும் முன்னரே பெட்டியை மூடுவித்தார். அன்று எனக்கு வாய் வரவில்லை. அதை நினைத்து நினைத்து எத்தனை நாள் என்னையே திட்டியிருக்கிறேன். இந்த முறை வாய் வந்தது. மான் கிடக்கிற இடத்தில்தான் கிடக்கும், பிடிக்காவிட்டால் சீலையையே கழற்றித் தாங்கோ என்றேன். அவர் தலையை ஆட்டினார். அதைச் சம்மதம் என்று எடுத்த நான் ஒரு மடைச்சி.

அந்தக் கோயில் எங்களுடையது இல்லை. நத்தார் அன்று பின்னேரம் எங்களுக்குப் பூசை, அது முடிய ஜெர்மன்காரருக்கு. நான் உள்ளே போகும்போது மானைக் காணவில்லை. முதல்நாள் தலைவர் சுவருக்கு அடிக்கிற வெள்ளைப் பெயின்டைக் கொண்டுவந்து அதன்மேல் பூசியிருந்தார். என் பனிக்கு நடுவில் சுண்ணாம்புச் சுவர் மாதிரி ஒரு வெள்ளை. அந்த இடம் வெளிச்சமாய் இருக்கிறதென்று பாலன் கூட்டையும் இழுத்து அதற்கு முன்னால் வைத்துவிட்டார். சீலையை இழுத்துக் கிழிக்கத்தான் எனக்கு மனம் வந்தது. பூசை தொடங்கிவிட்டது, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஒரு செபமும் சொல்லவில்லை.

சுவாமியார் பாலன் சுரூபத்தைக் கொண்டுவந்து தொட்டிலில் வைத்தார். அதுவரை தொட்டில் வெறுமையாய் இருந்ததால் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. இப்போது விளங்கியது. பன்றிகள் மூக்கை நீட்டிக்கொண்டு பாலனைப் பார்த்தன. நரி நாக்கைத் தொங்கவிட்டுப் பாலனைப் பார்த்தது. பருந்து தன் முறைக்குக் காத்திருந்தது. முன்வரிசையில் பாட்டுச் சத்தம் அடங்கிக்கொண்டே போனது. எனக்கு முன்னால் இருந்த தலைவரின் மனைவி நெஞ்சில் கை வைத்தார்.

"ஐயோ, பாலனையெல்லே தின்ன நிக்குதுகள்."

கோயில் என்றும் பார்க்காமல் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

பூசை முடிந்ததும் சுவாமியார் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, இந்த மிருகங்கள் முதலில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தன என்று கேட்டார். சொன்னேன். எங்கே கண்டது, எப்போது கண்டது என்பதையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் சீலையைப் பார்த்தார். ஜெர்மன்காரர் வரப்போகினம், பாலனைப் பழையபடி மரத்தடிக்குக் கொண்டுபோங்கோ, மானையும் திறந்துவிடுங்கோ என்று தலைவரிடம் சொல்லிவிட்டு உடுப்பு மாற்றப் போனார். தலைவர் என் பக்கம் திரும்பினார். குரலில் தேன். நீர்தானே கீறினது, உமக்குத்தானே பக்குவம் தெரியும், ஒருக்கால் துடைத்துவிடுமன் என்றார்.

"ஏலாது அண்ணை," என்றேன். "மூடினது நீங்கள். நீங்களே திறவுங்கோ."

கோயில் குளிரில் அவர் பூசியது சரியாகக் காயவில்லை. நான் பூசியது எப்போதோ இறுகிவிட்ட பெயின்ட், தண்ணீருக்கு அசையாது. தலைவர் கோயிலின் சமையல் குசினியிலிருந்து வாளியில் சுடுதண்ணீர் கொண்டுவந்து, கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, முழங்காலில் இருந்து துடைக்கத் தொடங்கினார். வெள்ளைத் தண்ணீர் அவர் நத்தாருக்குப் போட்ட புதுச் சேட்டின் கைக்குள் வழிந்தது. வீட்டுக்குப் போகாமல் சனம் நின்று பார்த்தது. பின்னங்கால் வந்தது. விலா வந்தது. அவர் நிமிர்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, இவ்வளவும் போதும்தானே தங்கச்சி என்று கேட்டார்.

முகம் இன்னும் வரவில்லை என்றேன்.

அவர் துணியை மறுபடி வாளிக்குள் தோய்த்தார். நான் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டுக் கிட்ட இருந்தேன்.