எட்டு மணி நேரத் தாமதம்

எட்டு மணி நேரம் நான்கு நிமிடம். எட்டு மணி நேரம் ஆறு நிமிடம். எட்டு மணி நேரம் பதினொரு நிமிடம். சிங்கப்பூர் தேக்கா சந்தையின் சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவே, ஒரு கையில் மீ கோரெங் நூடுல்ஸ் கரண்டியும் மறு கையில் கைப்பேசியுமாக, காலையில் நானே அனுப்பிய அறிக்கையைப் பெருமையோடு மறுபடி பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த வரிசை உறைத்தது. எல்லாம் அக்காவின் பெயருக்கு நேரே, தாமதம் என்ற தலைப்பின் கீழ். வேலையில் மெத்தனமாக இருப்பவர் ஒரு நாள் இரண்டு மணி நேரம் தாமதிப்பார், இன்னொரு நாள் பத்து மணி நேரம். தினமும் எட்டு மணி நேரமும் சில நிமிடங்களும் என்று அளந்து தாமதிக்க யாரால் முடியும்? மணி ஒன்று ஐம்பது. இரண்டு மணிக்கு மேலாளர் அக்காவை அறைக்கு வரச்சொல்லியிருந்தார்.

எங்கள் ஹெல்ப் டெஸ்க், ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்தது. முதியோர் இல்லங்களில் கணினி நின்றுபோனாலும் பிரிண்டர் மக்கர் செய்தாலும் அங்குள்ள தாதியர் எங்களுக்கு எழுதுவார்கள். ஒவ்வொரு புகாரும் ஒரு டிக்கெட். அக்கா எனக்கு உறவில்லை, பக்கத்து மேசைக்காரர். பொங்கோலிலிருந்து வருவார், எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். நாங்கள் டிக்கெட் வந்ததும் பட்டனைத் தட்டி, 'பார்த்துக்கொண்டிருக்கிறோம்' என்று ஒரு வரியை அனுப்பிவிடுவோம். அக்கா முதலில் போனை எடுப்பார். "மருந்து லிஸ்ட் திறக்கலன்னு அந்தப் பொண்ணு பதறிக்கிட்டு நிக்கிறா. அவளுக்கு ஈமெயிலா? ஒரு மனுஷக் குரல் கேக்கட்டும் லா!" பேசி முடித்த பிறகு, எத்தனை மணிக்குக் கூப்பிட்டார் என்பதை டிக்கெட்டில் கையாலேயே தட்டி வைப்பார். "பட்டனைத் தட்டினா சிஸ்டமே டைம் போட்டுக்கும்க்கா" என்று நான் கிண்டல் செய்தால், "போடி, சிஸ்டமா போன் பண்ணுச்சு?" என்பார்.

அந்த மாதம் முதியோர் இல்லக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். எங்களில் யாரோ தாமதமாகப் பதில் தருகிறார்களாம். அது யார் என்று தெரிந்தால் அவருடைய ஒப்பந்தத்தை மாதக் கடைசியோடு முடித்துவிடுவதாக மேலாளர் சொன்னார். மூன்று மாத டிக்கெட்டுகளைத் திரையில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க யாருக்குப் பொறுமை? நான்தான் துள்ளிக்கொண்டு எழுந்தேன். திரையைத் தொடாமலேயே அந்த சிஸ்டத்திடம் கேள்வி கேட்க ஒரு பக்கவழி உண்டு. நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதினால் வேண்டிய டிக்கெட்டுகளை அள்ளிக் கொண்டுவந்து கொட்டும். "அரை நாள் குடுங்க சார்" என்றேன். கொட்டியது. பட்டியலின் அடியில், எல்லோரையும்விடத் தாமதமானவராக, அக்கா பெயர். எனக்குச் சங்கடமாக இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் என் ஸ்கிரிப்ட் ஓடிவிட்ட சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பிவிட்டேன். அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். ஓட ஓடத்தான் முழுவதும் விளங்கியது. திரையில் பார்த்தால் சிங்கப்பூர் நேரம் தெரியும். ஸ்கிரிப்ட் கேட்டால் அதே சிஸ்டம் கிரீன்விச் நேரத்தைத் தரும், நமக்கு எட்டு மணி நேரம் பிந்தியது. காலை ஒன்பது நாற்பத்திரண்டுக்கு வந்த டிக்கெட் என் கைக்கு ஒன்று நாற்பத்திரண்டு என்று வந்திருக்கிறது. அக்கா கையால் தட்டிய ஒன்பது நாற்பத்தாறு மட்டும் அப்படியே நின்றிருக்கிறது. மற்றவர்களுக்கு டிக்கெட் வந்த நேரம், பதில் போன நேரம் இரண்டையும் சிஸ்டமே போட்டதால் யாருக்கும் பிசகவில்லை. நான்கே நிமிடத்தில் கூப்பிட்டவரை, எங்களிலேயே வேகமானவரை, எட்டு மணி நேரம் தூங்கியவராக ஆக்கிவிட்டேன். பாவி! ஐம்பத்து மூன்று வயதில் அவருக்கு வேறு யார் வேலை தருவார்கள்? போன் அடித்தேன், அவர் எடுக்கவில்லை. சிராங்கூன் சாலை சிக்னலில் நடப்பவர்களுக்கான பச்சை மனிதன் வருவேனா என்றான். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறினேன்.

கதவைத் தட்டாமல் திறந்தேன். மணி இரண்டு பத்து. அக்கா உள்ளே இல்லை, மேலாளர் மட்டும் இருந்தார்.

"சார், ரிப்போர்ட் தப்பு. அக்கா மேல தப்பில்ல, என் தப்பு."

"காலைல கன்ஃபார்ம்னு நீங்கதானம்மா சொன்னீங்க?"

"சொன்னேன் சார். திரையில ஒரு டிக்கெட்டைத் திறந்து பாருங்க. ஒண்ணே ஒண்ணு."

என்னை வேலையில் நிரந்தரமாக்குவதா என்று அவர் முடிவெடுக்கவேண்டிய மாதமும் அதுதான். அவர் ஒன்றைத் திறந்தார். பிறகு இன்னொன்று. மூன்றாவதில் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அப்போதுதான் அவர் முன்னால் இருந்த கடிதத்தைப் பார்த்தேன். தாமதங்களை ஒப்புக்கொள்வதாகச் சொல்லும் கடிதம். அடியில் அக்காவின் கையெழுத்து. மேலாளர் அதை நான்காகக் கிழித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நல்ல டோஸ். அக்காவின் ஒப்பந்தம் நீண்டது, என் நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போனது.

இப்போது ஜூரோங்கில் ஓர் அலுவலகத்தில் நானே அறிக்கைகளுக்குப் பொறுப்பு. புதிதாக வருகிறவர்களிடம் இந்த எட்டு மணி நேரக் கதையைச் சொல்வேன், சிரிப்பார்கள். அன்று மேலாளர் அறைக்கு வெளியே நடந்ததை மட்டும் அவர்களிடம் சொன்னதில்லை.

தாழ்வாரத்தில் அக்கா பையில் எதையோ தேடிக்கொண்டு நின்றார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"ஏன்க்கா கையெழுத்துப் போட்டீங்க? உடனே கூப்பிட்டது உங்களுக்கே தெரியாதா?"

"தெரியும்னுதான் வாதாடிக்கிட்டு இருந்தேன்" என்றார் அக்கா. "அப்புறம் அவரு, இது நீ எடுத்த கணக்குன்னாரு. நீ எடுத்தா சரியாத்தான் இருக்கும், எனக்குத்தான் வயசாகி எல்லாம் மறந்துபோகுதுன்னு நெனச்சிட்டேன்மா."