பத்து எண்ணும் வீரலட்சுமி

இரண்டு சுக்குத் துண்டுகளை ஒன்றோடொன்று தட்டுகிறாள் வீரலட்சுமி. ‘டக்’ என்றால் நல்லது. ‘டொப்’ என்றால் உள்ளே பூச்சி குடியிருக்கிறது. டொப் என்றதை இடப்பக்கக் கழிவுக் கூடைக்கு வீசுகிறாள், திரும்பிக்கூடப் பார்க்காமல். பத்தொன்பது வருடத்தில் ஒரு துண்டு கூடைக்கு வெளியே விழுந்தது கிடையாது.

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுக்கும் மிளகும் பொறுக்கும் பெண்கள் எத்தனையோ பேர். ஆனால் அவள் கை பட்ட சாக்கை மறுபடி அவிழ்த்துப் பார்க்கிற ஆள் இன்னும் பிறக்கவில்லை. ஒருமுறை ஏற்றுமதிக் கம்பெனியிலிருந்து படித்த ஆபீசர் ஒருவர் லென்ஸோடு வந்தார். அரை நாள் தேடினார், ஒரு சாயா குடித்தார், போய்விட்டார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் அவரிடமே சொன்னாள்: “எனக்கு எழுத்துத் தெரியாது சார். ஓட்டை தெரியும்.” இந்த வேலையை மூன்று மாதத்தில் பழகிவிடலாம் என்று சொல்கிறவர்கள் வந்து ஒரு நாள் சம்மணம் போட்டு உட்காரட்டும், பார்க்கலாம்.

சரக்கு அடுக்கும் கிட்டங்கிக்குள் சுக்குத் தூசி புகை மாதிரி நிற்கும். பெண்கள் எல்லாரும் மூக்கிலிருந்து தாடைவரை தோர்த்துத் துண்டைக் கட்டியிருப்பார்கள். வாயைத் திறந்தால் இருமல். அதனால் அங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முறத்தில் இரண்டு தட்டு என்றால் ‘இங்கே பார்’. மூன்று தட்டு என்றால் முதலாளி வருகிறார்.

கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து அவளுக்குப் பிறந்த மகன் ஜிதினுக்கு இப்போது பதினான்கு மாதம். தூசி எட்டாத வாசல் பக்கம், சாக்குகளை வளைத்து அடுக்கிய இடத்தில் பொம்மை லாரியோடு உட்கார்ந்திருப்பான். ஒரு மாதத்துக்கு முன்னால், சாயா நேரத்தில், போனில் ஓடிய ஒரு வீடியோவில் டாக்டரம்மா ஒருவர் பேசியதை அவள் கேட்டாள். ஒரு வயதுக் குழந்தை பெயர் சொன்னால் திரும்ப வேண்டும், முகம் பார்க்க வேண்டும், விரல் நீட்டிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் ஆட்டிசமாக இருக்கலாம், சீக்கிரம் காட்டுங்கள். வீரலட்சுமி எழுந்துபோய்ப் பிள்ளைக்குப் பின்னால் நின்று “ஜிதினே” என்றாள். அவன் லாரியின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். மறுபடி கூப்பிட்டாள். சக்கரம்தான் சுற்றியது.

அன்றிலிருந்து நாளைக்கு நாற்பது தடவை சோதித்தாள். வீட்டில் புருஷன் தங்கதுரைக்குப் பொறுக்கவில்லை. திருநெல்வேலிக்காரன், எறணாகுளம் பிராட்வே கடைகளுக்குச் சுமை தூக்குகிறவன். “ஏட்டி, பயலுவ லேட்டாத்தான் பேசுவானுவ. எங்க சின்னையா நாலு வயசுலதான் வாயத் தொறந்தாரு. இப்ப அவர நிறுத்த முடியுதா?”

கிட்டங்கியில் பக்கத்து முறத்துக்காரி கமலாக்ஷி தூசிக்கும் துண்டுக்கும் அடங்காத சத்தக்காரி. “எந்தினா பேடிக்கிறே வீரே, எதுக்குப் பயம்? ஒண்ணு தட்டிப் பாரு, மோன் திரும்பறானா இல்லையான்னு.” முறத்தில் அவளே இரண்டு தட்டு தட்டினாள். பிள்ளை சட்டென்று திரும்பினான். பெண்கள் துண்டுக்குள் சிரித்தார்கள். வீரலட்சுமி சிரிக்கவில்லை. ஓட்டை பார்த்துப் பழகிய கண் அது. பிள்ளை முறத்தைப் பார்த்தான். முறத்துக்குப் பின்னால் இருந்த முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் லீவு போட்டு எறணாகுளத்துச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். காதைச் சோதித்தார்கள், பழுதில்லை. பேச்சுப் பயிற்சி தரும் சோனியா என்ற பெண் ஒரு மணி நேரம் அவனோடு தரையில் கிடந்து பார்த்தாள்.

“சேச்சி, ஆட்டிசம்னு இப்பவே உறப்பா, முடிவா சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது. மாசாமாசம் வரணும். அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டாம், இன்னைக்கே விளையாட்டை ஆரம்பிக்கலாம்.”

“விளையாடத்தான் செய்யுறேன் டீச்சர். தெனம் நாப்பது தடவ கூப்பிட்டுப் பாக்குறேன்.”

“அது பரீட்சை சேச்சி. மோன் என்ன சுக்கா, தட்டித் தட்டிப் பாக்க?”

வீரலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். துண்டு கட்டுவதையும் முறம் தட்டுவதையும் சொன்னாள். “அதனாலயா டீச்சர் இப்பிடி?”

“அய்யோ, இல்ல. இது நீங்க செஞ்சு வந்தது இல்ல. ஆனா முழு முகமும் தெரிஞ்சா அவனுக்குச் சுலபம். அவன் கண்ணுக்கு நேரா உங்க முகத்தக் கொண்டு போங்க. ஒரே தடவ கூப்பிடுங்க. பெறகு மனசுக்குள்ள பத்து எண்ணிட்டு இருங்க. அவனுக்கு நேரம் கொடுங்க.”

பத்து எண்ணுவதற்குள் பதினைந்து துண்டு பொறுக்குகிற கை அது. முதல் வாரம் நான்கைத் தாண்ட முடியவில்லை, வாய் மறுபடி கூப்பிட்டுவிடும். தங்கதுரையையும் சிமெண்டுத் தரையில் குப்புறப் படுக்க வைத்தாள். அவன் எண்ணியது தெருவுக்கே கேட்டது. “மனசுக்குள்ள எண்ணச் சொன்னா, ஏலமா விடுறீரு?” என்று அதட்டினாள். அதற்கும் பிள்ளை திரும்பவில்லை. ஆனால் ஒருநாள் அப்பன் மீசையைத் தொட்டுப் பார்த்தான். “எம் மீசையத் தொட்டாம்ட்டி” என்று தங்கதுரை மூன்று நாள் பிராட்வே முழுக்கச் சொல்லித் திரிந்தான்.

கிட்டங்கியில் காலையில் பத்து நிமிடம், மத்தியானம் பத்து நிமிடம் அவள் பங்கைக் கமலாக்ஷி பொறுக்குகிறாள். “நான் ஒரு ஓட்டை விட்டேன்னு நீ சொன்னா, கொன்னுடுவேன்” என்பது ஒன்றே கமலாக்ஷி போட்ட நிபந்தனை.

நேற்று மத்தியானம் வீரலட்சுமி முகம் கழுவி, துண்டை அவிழ்த்துவிட்டு, வாசலில் பிள்ளைக்கு எதிரே குப்புறப் படுத்தாள். அவன் கையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சுக்கு. “ஜிதினே” என்றாள், ஒரே தடவை. ஒன்று, இரண்டு என்று உதடு அசையாமல் எண்ணினாள். ஐந்தில் அவன் சுக்கைப் பார்த்தான். ஏழில் கண்ணை உயர்த்தி அவள் முகத்தைப் பார்த்தான். சுக்கை அவளிடம் நீட்டினான்.

உள்ளே முறங்கள் நின்றுவிட்டன. அவள் எட்டு, ஒன்பது, பத்து என்று முடித்த பிறகுதான் கையை ஏந்தினாள்.

கட்டைவிரலுக்கு உடனே தெரிந்தது, ஓட்டைச் சுக்கு. பழக்கத்தில் கை இடப்பக்கம் கிளம்பியது. பாதியில் நின்றது. சேலைத் தலைப்பை இழுத்து, அதில் அந்தச் சுக்கை வைத்து இறுக்கி முடிந்துகொண்டாள்.