தொடுமுன் சொன்ன வலி

எழுதத் தகுதியில்லாதவன் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். ஏழாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் நடுவில் வாய் திறந்து பழக்கமில்லை. நீரிழிவால் (சிறுநீரில் சர்க்கரை இறங்கும் நோய்) காலில் புண் வந்தவர்கள் என்னைப்போல் நடந்துகொள்ளக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்லத் துணிந்தேன்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் குடியிருந்தோம். எனக்குச் சரக்குக் கொட்டகையில் லேபிள் ஒட்டும் வேலை. ஒரு சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் என் மனைவி செல்லம்மாள் தரையில் ரத்தத் தடம் கண்டாள். பெட்டி ஆணி ஒன்று செருப்பைத் துளைத்துப் பெருவிரலுக்கடியில் ஏறியிருந்தது. கொட்டகையிலிருந்து அப்படியே நடந்து வந்திருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

ஆணி பெரிதாகத் தோன்றவில்லை. வலிக்காததுதான் பயமாக இருந்தது. உணர்ச்சி செத்த தோல் என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒரே நோய், குஷ்டம். எங்கள் வீட்டு வரிசையிலிருந்தே ஒருவரை அதற்காகச் சுங்கை பூலோவுக்குக் (குஷ்டம் வந்தவர்களை ஒதுக்கி வைக்கும் இடம்) கொண்டுபோயிருந்தார்கள். அவர் மனைவி குழாயடிக்கு வந்தால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். நானும் அந்த வாசலைச் சுற்றிக்கொண்டு போனவன்தான்.

புண்ணை மறைத்தேன். விரல் கறுத்து நாற்றம் வந்த பிறகே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணை மூடச் சொல்லி ஊசியால் குத்திப் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதற்கு ஒரு வழி செய்தேன். ஊசி படும்போதெல்லாம் பக்கத்தில் நிற்கும் செல்லம்மாள் இரும வேண்டும். நான் வலிக்கிறது என்பேன். யோசனை என்னுடையது. அவள் மாட்டேன் என்றாள். நான் அழுததால் சம்மதித்தாள்.

யாழ்ப்பாணத்து டாக்டர் குத்தினார். அவள் இருமினாள். நான் சொன்னேன். வலி இருக்கிறது என்று எழுதிக்கொண்டார். சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்து நீரிழிவு என்றார். இரண்டு விரல்களை எடுக்க வேண்டும், அடுத்த நாள் காலை குளோரோபார்ம் (மூக்கின்மேல் துணி வைத்துச் சொட்டுச் சொட்டாக விடும் மயக்க மருந்து) கொடுத்து வெட்டலாம் என்றார்.

நீரிழிவாலும் உணர்ச்சி போகும் என்பது எனக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால் சுங்கை பூலோதான் என்று பேசாமலிருந்தேன்.

அன்று மாலை டிரஸ்ஸர் (டாக்டருக்கு உதவியாக மருந்து கட்டுபவர்) செல்லம்மாளை வராந்தாவில் நிறுத்தி, வெட்டச் சம்மதம் என்று கைநாட்டு வாங்கினார். சர்க்கரையோடு இதயமும் பலவீனமாக இருக்கிறது, இந்த மருந்தில் சிலர் கண் விழிக்காமலே போய்விடுவதுண்டு என்றாராம். கால் மரத்திருந்தால் மருந்தே வேண்டியதில்லை, இவருக்குத்தான் வலிக்கிறதே என்றும் சொன்னாராம். அவள் வந்து, டாக்டரிடம் சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினாள். நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

காலையில் எதுவரை வெட்டுவது என்று பார்க்க டாக்டர் மறுபடி வந்தார். கண்ணை மூடினேன். செல்லம்மாள் இருமினாள்.

"வலிக்குதுங்க," என்றேன்.

"நான் இன்னும் தொடேல்லையே, ஐயா."

கண்ணைத் திறந்தேன். ஊசி இன்னும் தட்டிலேயே கிடந்தது.

"அவருக்குக் கால்ல ஒண்ணுமே தெரியாதுங்க," என்றாள் செல்லம்மாள். "நான் இருமுனாத்தான் வலிக்கும்."

டிரஸ்ஸர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போனார். டாக்டர் காரணத்தைக் கேட்டார். சொன்னேன்.

"இது குஷ்டமில்லை. சீனி நரம்பைத் திண்டிட்டுது, அவ்வளவுதான். இதுக்குப் போய் உயிரையெல்லோ விடப் பாத்தியள்," என்றார்.

மயக்க மருந்து இல்லாமலே வெட்டினார்கள். எலும்பு நெரிவது காதில் கேட்டது. வேறு யாருடைய காலையோ வெட்டுவதுபோல் கிடந்தேன். கொஞ்சமாவது வலித்தால் தேவலை என்றிருந்தது.

வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் கிள்ளானில் மாட்டுவண்டி ஓட்டுபவர். "தொடுறதுக்கு முன்னாடியே கத்துன ஆளு நீங்கதானா அண்ணே?" என்று விசாரித்தார். போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டேன்.

இப்போது விளக்கு வைக்கும் நேரத்தில் தினமும் பாதத்தைப் பார்க்கிறோம். என்னால் குனிய முடியாததால் அடிப்பக்கத்தை அவள் பார்த்துச் சொல்கிறாள். ஒரு சாயங்காலத்திலிருந்து அடுத்த சாயங்காலம் வரைக்கும்தான் அந்தக் கால் நன்றாக இருப்பதாக நம்ப முடிகிறது. உங்களுக்கு மரத்திருந்தால் மரத்திருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

வெட்டிய மறுநாள் டிரஸ்ஸர் கட்டைப் பிரித்து மருந்து வைத்தார். செல்லம்மாள் அருகில் நின்று பார்த்தாள். எல்லோரும் சிரிக்கும்படி செய்துவிட்டாளே என்று நான் அவளோடு பேசவில்லை.