பதினாறு போல்ட்டும் ஒரு பெயின்ட் டப்பாவும்

புழல் ஏரி வறண்டுபோன வருஷம் எனக்குப் பத்து வயது. விம்கோ நகரில் அப்பா ஃபிட்டராக வேலை பார்த்த கம்பெனியை மூடி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. திருவொற்றியூரில் கடலோரச் சாலையை ஒட்டிய எங்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பார்த்துப் பார்த்து அம்மாவுக்கு அலுத்துவிட்டது. அப்பாவுக்குத் தன்னைப் பார்த்தே அலுத்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் அந்தக் கார் வந்தது. அறுபதுகளில் செய்த பியட். கம்பெனியில் அப்பாவுக்கு மேலே இருந்த ஒருவர் சொல்லி, அடையாறிலிருந்து ஒரு பெரியவர் அதைக் கட்டி இழுத்துவந்து எங்கள் வாசலில் விட்டார். பழைய கார்களை வாங்கிப் புதுசாக்கி வைத்துக்கொள்வது அவருக்குப் பொழுதுபோக்கு. பொழுதே போகாத வீட்டுக்கு அது வந்து சேர்ந்தது. முன்சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தைக் கழற்றித் தர வேண்டும். அதில் பதினாறு போல்ட், எல்லாம் துருவேறி இறுகிக் கிடந்தன.

"எதையும் வெட்டக்கூடாது. கேஸ் வச்சு அறுக்க ஆயிரம் பேர் இருக்காங்க. பதினாறையும் முழுசா கழட்டிக் குடுங்க, என் ஷெட்ல இன்னும் அஞ்சு வண்டி நிக்குது. நிரந்தரமா நீங்களே வந்துடலாம்" என்றார் பெரியவர். அன்றைக்கு அப்பா பல நாள் தாடியைச் சவரம் செய்துகொண்டார்.

அப்பா போல்ட்டோடு சண்டை போடமாட்டார். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரேஷன் மண்ணெண்ணெயில் ஒரு நாள் ஊறவிடுவார். மறுநாள் துடைத்துவிட்டுச் சுத்தியலால் சுற்றிலும் தட்டுவார். பிறகு புளோ லாம்ப்பின் தீயால் நன்றாகக் காய்ச்சிச் சடாரெனத் தண்ணீர் ஊற்றுவார். சூட்டில் விரிந்த இரும்பு குளிர்ந்து சுருங்கும்போது துரு பிடியை விட்டுவிடுமாம். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார். முதல் வாரம் நாலு நகர்ந்தன. அவற்றை ஊறுகாய் பாட்டிலில் போட்டு அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

சிக்கல் தண்ணீரில் வந்தது. லாரி இரண்டு நாளுக்கு ஒருமுறைதான் வரும்.

"குடிக்கவே தண்ணி இல்லாம நான் லாரி பின்னால ஓடிகினு கீறேன். நீ இன்னாடான்னா இந்தத் துருப்புடிச்ச சனியனுக்கு ஊத்திகினு கீற!" என்று அம்மா கத்தினாள். மறுநாள் அப்பா போல்ட்டைக் காய்ச்சிவிட்டு, அது தானாக ஆறட்டும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வந்தது.

சாலையைத் தாண்டினால் பாறைக்கல். கல்லைத் தாண்டினால் ஊர் முழுக்கக் குளித்தாலும் தீராத தண்ணீர். இது ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று எனக்கு ஒரே பெருமை. கல் வழுக்கிப் பிள்ளைகள் செத்திருக்கிறார்கள், அந்தப் பக்கம் போனால் அம்மா தோலை உரித்துவிடுவாள். அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் பெயின்ட் டப்பாவில் மொண்டுவந்து, சத்தமில்லாமல் காருக்கு அடியில் வைத்துவிடுவேன். அம்மாதான் மனசு இளகி வைக்கிறாள் என்று அப்பா நினைத்திருக்க வேண்டும். அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. அப்போது அவர்கள் எதையுமே பேசிக்கொள்வதில்லை.

அதற்குப் பிறகு ஒரு போல்ட்கூட அசையவில்லை. மூன்று வாரம் அப்பா காருக்கு அடியிலேயே கிடந்தார். முதலில் ஒன்றின் தலை முறிந்தது. அடுத்து இரண்டு. முறியும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா அடுப்படியில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்பா அப்படியே எழுந்துபோவார்.

ஒருநாள் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். போல்ட்டைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தது. அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"பாப்பா, இந்தத் தண்ணிய யாரு வச்சது?"

"நாந்தாம்பா."

"எங்கருந்து புடிச்சாந்த?"

அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "லாரித் தண்ணிதாம்பா" என்றேன்.

அப்பா என் ஈரப் பாவாடையைப் பார்த்தார். காலில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தார். "சரி, போய்ப் படி" என்றார். டப்பாவை எடுத்துப்போய்ச் சாக்கடையில் கவிழ்த்தார். அவ்வளவு கஷ்டப்பட்டுத் தூக்கிவந்ததை இப்படிக் கொட்டுகிறாரே என்று எனக்குக் கோபம்.

அடுத்த ஞாயிறு பெரியவர் வந்து குனிந்து பார்த்தார். எட்டு போல்ட்டுக்குத் தலையே இல்லை.

"என் தப்பு சார். சூடு ஓவரா வச்சுட்டேன். கை தப்பிப்போச்சு."

"நல்ல ஃபிட்டர்னு சொன்னாங்களே" என்றார் பெரியவர். அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நாலு போல்ட் மட்டும் எங்கள் அலமாரியில் தங்கிவிட்டன.

"ஒரு போல்ட்டு கழட்டத் தெரியல, நீயெல்லாம் இன்னா ஃபிட்டரு?" என்று அம்மா தெருவே கேட்கத் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு அப்பா ஸ்பானரைத் தொடவில்லை. எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வாட்ச்மேனாகப் போனார், சாகும்வரை அதுதான். கோபம் வந்தால் அம்மா அந்தப் போல்ட் கதையைத்தான் எடுப்பாள். ஒவ்வொரு முறையும் அப்பா தலை குனிந்துகொள்வார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். நல்லவேளை, அப்பா கண்டுபிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.