சாரம் வீட்டில் திறக்காத கேம்

1. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து

எங்கள் ஊரில் சாரம் என்ற பகுதியிலிருந்து அந்த ஃபோன் வந்தபோது கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் நானும் ஓனரும்தான் இருந்தோம். ஓனர் பேசிவிட்டு ரிசீவரை வைத்தார்.

"கேம் ஓப்பன் ஆவலையாம். ஒரு பொம்பள அழுவுது. போயி ஃபார்மட் அடிச்சிட்டு வாடா."

"என்ன எரர்னு கேட்டீங்களா?"

"கேமுக்கெல்லாம் எவன் எரர் கேப்பான்? நீ என்னா வைத்தியனா, நாடி புடிச்சிப் பாக்கப் போறியா? சிடியப் போடு, ஃபார்மட் அடி, வா. சாயந்தரம் தட்டாஞ்சாவடில ரெண்டு பிரிண்டர் கெடக்குது."

எங்கள் தொழிலின் லட்சணம் அப்போது இதுதான். விண்டோஸ் எக்ஸ்பி காலம். ஊரில் பாதிக் கடைகளில் ஒரே சிடிதான் சுற்றிக்கொண்டிருந்தது. சீக்கிரம் இன்ஸ்டால் ஆக வேண்டும் என்று யாரோ ஒருவன் பாதி ஃபைல்களை வெட்டி எறிந்து சுருக்கிய சிடி. அதைக் காப்பிமேல் காப்பி எடுத்து வைத்திருந்தோம். சவுண்ட் வரவில்லையா, ஃபார்மட். மெதுவாக ஓடுகிறதா, ஃபார்மட். அதாவது சி டிரைவில் இருப்பதையெல்லாம் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவது. "டி டிரைவ தொடல சார்" என்று சொல்லிவிட்டால் கடமை முடிந்தது. சி டிரைவில் ஜனங்கள் எதை வைத்திருந்தார்கள் என்று ஒருவனும் கேட்டதில்லை. ரிப்பேர் தெரியாதவன் கண்டுபிடித்த வேலை ஃபார்மட். இப்போதும் இதைத்தான் சொல்வேன். கோபப்படுகிறவர்கள் படட்டும்.

2. ஸ்டெல்லா அக்கா

கேம் என்றதும் வீட்டில் ஒரு பையன் இருப்பான் என்று நினைத்துப் போனேன். கதவைத் திறந்த ஸ்டெல்லா அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும்.

"பையன் இல்லீங்களா?"

"பையன் இல்ல தம்பி. நான்தான் பாக்குறது."

கம்ப்யூட்டரைப் போட்டேன். டைப்பிங், இன்டர்நெட் எல்லாம் ஓடின. கேமை மட்டும் தட்டினால் எரர் வந்தது. டி-சவுண்ட் என்ற டிஎல்எல் ஃபைலின் பெயர் அதில் இருந்தது. விண்டோஸ் சிஸ்டம் ஃபைல்களில் ஒன்று அது. கேம்கள் சத்தம் போட அதைத்தான் கேட்கும். அந்த வருஷம் ஒரு வைரஸ் இந்த ஃபைலைத்தான் தேடிப் பிடித்துக் கெடுத்துக்கொண்டிருந்தது. கேம் திறக்கும்போதே அந்த ஃபைலைக் கூப்பிடும். அது கெட்டுக் கிடந்தால் கேம் அங்கேயே செத்துவிடும். கேமில் தவறு எதுவும் இல்லை.

"யாராச்சும் பென் டிரைவ் போட்டாங்களாக்கா?"

அந்தம்மா சுவரைப் பார்த்தது. நானும் பார்த்தேன். மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணின் ஃபோட்டோ இருந்தது. சீரியல் லைட் போட்டிருந்தார்கள்.

"எம் பொண்ணு ஜெனி. லாஸ்பேட்டைல காலேஜ் படிச்சா. ஸ்கூட்டர்ல போவசொல்ல லாரி அடிச்சிடுச்சி. அடக்கத்துல எடுத்த ஃபோட்டோவ எல்லாம் எங்க சொந்தக்காரப் பையன் பென் டிரைவ்ல கொண்டாந்து இதுல போட்டுக் குடுத்தான்."

வைரஸ் அந்த ஃபோட்டோக்களோடு வந்திருக்கிறது. அதை நான் அந்தம்மாவிடம் சொல்லவில்லை.

கேம் ஜெனியுடையது. வீடு கட்டி, உள்ளே ஆட்களை வைத்து, அவர்களைச் சமைக்க, தூங்க, வேலைக்குப் போக வைக்கும் கேம். ஜெனி அதில் மூன்று பேரைச் செய்து வைத்திருந்தாள். அப்பா, அம்மா, தான். பெயர்கூட அதே பெயர்தான். அவள் போன பிறகு ஸ்டெல்லா அக்கா தட்டுத் தடுமாறி கேமைத் திறக்கக் கற்றுக்கொண்டது. தினமும் காலையில் திறக்கும். திறந்ததும் கேமை நிறுத்தி வைக்கிற பாஸ் பட்டனை அழுத்திவிடும். கையில் தட்டோடு சமையலறைக்குப் போகிற ஜெனி அப்படியே நிற்பாள். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

"ஓட விட்டுப் பாக்க மாட்டீங்களா?"

"ஓட விட்டா அதுல நாள் போவுதுப்பா. அவளுக்கு வயசாயிடும்."



என் பென் டிரைவில் இருந்த நல்ல டி-சவுண்ட் ஃபைலைப் போட்டுப் பார்த்தேன். உடனே பழைய கெட்ட ஃபைல் அதே இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. விண்டோஸ் முக்கியமான ஃபைல்களுக்கு ஒரு ஸ்பேர் காப்பியைத் தனியாக ஒளித்து வைத்திருக்கும். யாராவது ஃபைலை மாற்றினால் ஸ்பேரை எடுத்துப் போடும். பாதுகாப்புக்குச் செய்த ஏற்பாடு. வைரஸ் ஸ்பேரையும் கெடுத்திருந்தது. ஒரிஜினல் சிடியிலிருந்து ரிக்கவரி கன்சோல் என்ற ரிப்பேர் திரைக்குள் போய், இரண்டு இடத்திலும் நல்ல ஃபைலை வைக்க வேண்டும். எங்கள் வெட்டிச் சுருக்கிய சிடியில் அதற்கு வழி இல்லை.

"நாளைக்கு வேற சிடியோட வரேன்க்கா. கேம் அப்படியே இருக்கு. எதுவும் போவல."

"போவாதுல்ல?"

"போவாது."

3. பில் யார் பெயரில்?

நான் அந்த வீட்டிலிருந்து வருவதைப் பார்த்துத் தெருமுனையில் ஒருவர் என் வண்டியை மறித்தார். ஸ்டெல்லா அக்காவின் வீட்டுக்காரர், அருள்ராஜ். தட்டாஞ்சாவடியில் ஃபிட்டர். ஷிஃப்ட் முடிந்து சட்டையில் கிரீஸோடு வந்துகொண்டிருந்தார்.

"ரிப்பேர் ஆவாதுன்னு சொல்லிடு தம்பி."

"ஆவும்ணே. ஒரு ஃபைல்தான்."

"ஆவும்னு எனக்கும் தெரியும். ஆவாதுன்னு சொல்லு. சோறு ஆக்கறதில்ல. ஞாயித்துக்கெழம பூசைக்கு வரதில்ல. காலைல உக்காந்தா நான் வரவரைக்கும் அந்தப் பொட்டி முன்னாடிதான். பொண்ண குடுத்துட்டேன், பொண்டாட்டியயும் அந்தப் பொட்டிக்குக் குடுக்கணுமா?"

"நான் பொய் சொல்ல மாட்டேன்ணே."

"அப்ப உங்க ஓனர்கிட்ட பேசிக்கிறேன்."

பேசிவிட்டார். மறுநாள் காலை ஓனர் என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார். "அந்தாளு எல்லாத்தையும் அழிச்சிடச் சொல்றாரு. போனமா, அழிச்சமா, வந்தமான்னு இரு."

"கூப்டது அந்தம்மா."

"பில்லு யாரு பேர்ல போடுற? அவரு பேர்லதான? அப்ப அவருதான் கஸ்டமர். இதுல உனக்கு என்னாடா வலிக்குது?"

வலித்தது. செத்த பெண்ணைக் கேமில் வைத்துப் பார்ப்பது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது. அருள்ராஜ் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அந்தம்மாவுக்குத் தெரியாமல் அதை அழிக்கிற வேலைக்கு என் கை எதற்கு? வைரஸ் செய்ய மறந்ததை நான் போய்ச் செய்ய வேண்டுமா? ஓனரிடம் சண்டை போட்டு நேரத்தை வீணாக்காமல் கிளம்பினேன். லாஸ்பேட்டையில் ஒரு கஸ்டமரிடம் ஒரிஜினல் சிடி இருந்தது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு சாரம் போனேன்.

இருவரும் வீட்டில் இருந்தார்கள். அவர் லீவு போட்டிருந்தார்.

சிடியைப் போடுவதற்கு முன் சொன்னேன். "அண்ணன் இத அழிக்கச் சொல்றாருக்கா. நான் ஃபைல சரி பண்ணத்தான் வந்துருக்கேன். அழிக்கறதா இருந்தா ரெண்டு பேரும் உக்காந்து பேசி முடிவு பண்ணுங்க. திருட்டுத்தனமா என்ன வச்சி அழிக்காதீங்க."

இப்படிப் பச்சையாகப் போட்டு உடைத்திருக்க வேண்டாம்தான். எனக்கு வேறு மாதிரிப் பேச வராது.

ஸ்டெல்லா அக்கா வீட்டுக்காரரைப் பார்த்தது. "அழிக்கச் சொன்னியா?"

அவர் எழுந்து கதவோரம் போய் நின்றார்.

"ஒரு நாளாவது என் பக்கத்துல வந்து உக்காந்து அவளப் பாத்திருப்பியா நீ?"

"எப்படி பாக்க சொல்ற? நட்டு வச்ச கம்பம் மாதிரி நிக்கிறா. எம் பொண்ணு ஒரு நிமிஷம் ஒரு எடத்துல நிப்பாளா? அந்த ஆஸ்பத்திரில கெடந்த மாதிரியே இருக்குது."

நான் தலையைக் குனிந்து வேலையைப் பார்த்தேன். இரண்டு இடத்திலும் ஃபைலை மாற்றினேன். ரீஸ்டார்ட் செய்து, ஆன்டி வைரஸை ஓட விட்டு, மிச்சத்தைச் சுத்தம் செய்தேன். கேமைத் தட்டினேன். பாட்டோடு திறந்தது. அந்தம்மா உடனே பாஸை அழுத்தியது. தட்டை வைத்துக்கொண்டு ஜெனி நின்றிருந்தாள்.

"சவுண்டு ஒழுங்கா வருதான்னு ஒரு தடவ ஓட விட்டுப் பாக்கணும்க்கா."

"வேணாம் தம்பி."

அருள்ராஜ் கதவோரத்திலிருந்து வந்து மனைவியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். "வயசாவட்டும் ஸ்டெல்லா. அதானே நமக்குக் குடுத்து வைக்கல."

அந்தம்மா வெகுநேரம் மவுஸைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு பாஸை எடுத்தது. ஜெனி நடந்து போய் மேசையில் தட்டை வைத்தாள். கேமில் இருந்த அப்பாவிடம் புரியாத பாஷையில் எதையோ சொல்லிக் கையை ஆட்டிச் சிரித்தாள். அருள்ராஜ் வாயில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டு அழுதார்.

நான் டூல்ஸை எடுத்துக்கொண்டு சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன். கடையில் ஓனர் திட்டியதை எழுதினால் அச்சில் போட மாட்டார்கள்.

4. ஃபார்மட்

அடுத்த மழைக்காலம் முடிந்து ஒரு நாள் ஸ்டெல்லா அக்கா கடைக்கு ஃபோன் செய்து என்னை வரச் சொன்னது. மறுபடியும் வைரஸ் என்று நினைத்து ஒரிஜினல் சிடியோடு போனேன்.

"ஓப்பன் ஆவலையாக்கா?"

"நல்லாத்தான் ஆவுது. உக்காரு, காப்பி குடி."

அருள்ராஜும் இருந்தார். தினமும் அவர் வேலைவிட்டு வந்ததும் இருவரும் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஓட விட்டிருக்கிறார்கள். மற்ற நேரத்தில் கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை என்று பேசி வைத்துக்கொண்டார்களாம். கேமில் ஜெனி படிப்பை முடித்தாள். வேலைக்குப் போனாள்.

"கல்யாணம் கூட ஆச்சி தம்பி," என்றார் அருள்ராஜ். "பக்கத்து வூட்டுப் பையன். நான்தான் பாத்து வச்சேன். தண்ணி கிண்ணி அடிக்க மாட்டான்."

"ஆமா, சமையல் மட்டும் பண்ணத் தெரியாது. ரெண்டு தடவ அடுப்பங்கரைய கொளுத்திட்டான்," என்றது அந்தம்மா.

இருவரும் சிரித்தார்கள். பிறகு அந்தம்மா சிரிப்பை நிறுத்தியது.

"முந்தாநாள் போயிட்டா தம்பி."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"தலையெல்லாம் நரச்சிப் போச்சி. தோட்டத்துல பூவுக்குத் தண்ணி ஊத்திட்டு இருந்தா, அப்படியே போயிட்டா. நாங்க ரெண்டு பேரும் அதுல எப்பவோ போயிட்டோம். எங்கள அடக்கம் பண்ணி, அழுது, அப்புறம் ரொம்ப வருஷம் இருந்துட்டுத்தான் போனா. அப்படித்தானே போவணும்?"

"ஆமாக்கா."

"இப்ப நீ ஃபார்மட் பண்ணிக்க தம்பி," என்றார் அருள்ராஜ்.

அவர்கள் இருவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஃபார்மட் அடித்தேன். எவ்வளவு அழிந்தது என்று காட்டும் மஞ்சள் கோடு திரையில் முழுசாக நிரம்பும்வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். மெஷினில் கை வைக்கும் முன், இதில் எது போனால் உங்களுக்குத் தாங்காது என்று கேளுங்கள். பில் போடுகிறவரை மட்டும் கேட்காதீர்கள். அந்த நாற்காலியில் உட்காருகிறவரையும் கேளுங்கள். அழிப்பது நம் வேலைதான். அதற்கு நாள் குறிப்பது நம் வேலை இல்லை.